பெங்களூரில் அங்ககத் தேனீ வளர்ப்பு: இடம் பார்ப்பது முதல் தேன் பிழிவது வரை ஒரு முழுமையான வழிகாட்டி

அங்ககத் தேன், அதாவது ஆர்கானிக் தேன், என்றால் சர்க்கரைப் பாகு கலக்காத தேன் என்றே பலரும் நினைக்கிறார்கள். கலப்படமில்லாத தேன் வேறு, அங்ககத் தேன் வேறு. ஒரு சொட்டுப் பாகும் சேராத தேனில்கூடப் பூச்சிக்கொல்லியின் எச்சமோ, பெட்டிக்குள் வைத்த மருந்தின் எச்சமோ இருக்கலாம். தேனீக்கள் எந்தப் பூக்களுக்குப் போகின்றன, எந்த மெழுகில் அடை கட்டுகின்றன, பஞ்ச காலத்தில் எதைத் தின்றன, நோய் வந்தபோது அவற்றுக்கு என்ன கொடுக்கப்பட்டது என்ற நான்கு கேள்விகளுக்கும் எழுத்தில் பதில் வைத்திருப்பவரே தன் தேனை அங்ககத் தேன் என்று சொல்லத் தகுதி உடையவர்.

அல்சூர், காக்ஸ் டவுன், விவேக் நகர், ராமமூர்த்தி நகர் போன்ற பகுதிகளில் மொட்டை மாடியில் ஒன்றிரண்டு பெட்டி வைக்க விரும்பும் தமிழ்க் குடும்பங்களையும், பெங்களூரில் வேலை பார்த்துக்கொண்டே ஓசூர், தளி, ஆனேக்கல் பக்கம் சொந்த நிலத்தில் பெட்டி வைக்க நினைப்பவர்களையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். இந்த இரு சாராருக்கும் விதிகள் ஒன்றே என்றாலும், அவற்றை எந்த அளவு நிறைவேற்ற முடியும் என்பது இடத்துக்கு இடம் மிகவும் வேறுபடும்.

விதிகள் என்ன சொல்கின்றன

இந்தியாவில் அங்கக உற்பத்திக்கான அடிப்படை, மத்திய வணிக அமைச்சகத்தின்கீழ் 2001ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் உள்ள தேசிய அங்கக உற்பத்தித் திட்டம் ஆகும். இதைச் செயல்படுத்துவது வேளாண் பொருள் ஏற்றுமதியைக் கவனிக்கும் மத்திய அரசின் அபீடா நிறுவனம். பயிர், கால்நடை ஆகியவற்றோடு தேனீ வளர்ப்புக்கும் இதில் தனி விதிகள் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிகளும் கோடெக்ஸ் என்ற பன்னாட்டு உணவுத் தர அமைப்பின் வழிகாட்டுதல்களும் பெரும்பாலும் இதே திசையில்தான் செல்கின்றன. பெட்டிகளை அங்கக நிலத்திலோ, மருந்து தெளிக்கப்படாத இயற்கைப் பகுதியிலோ வைக்க வேண்டும். பெட்டி இயற்கைப் பொருளால் ஆனதாக இருக்க வேண்டும். ஏற்கெனவே வேறு முறையில் வளர்த்த கூட்டத்தை மாற்றுவதற்கு ஓராண்டு மாறுகாலம் தேவை; அந்த ஓராண்டுக்குள் பழைய மெழுகை அங்கக மெழுகால் மாற்றிவிட வேண்டும். ராணியின் சிறகை வெட்டக் கூடாது. தேனுக்காக அடையில் உள்ள தேனீக்களைக் கொல்லக் கூடாது. எதிர்உயிரி மருந்துகளும் செயற்கை இரசாயன மருந்துகளும் கொடுத்த பெட்டியின் தேனை அங்ககத் தேனாக விற்க முடியாது.

இவற்றில் நகரவாசிக்கு மிகக் கடினமானது முதல் விதி. ஐரோப்பிய விதியின்படி பெட்டியைச் சுற்றி 3 கிலோமீட்டர் ஆரத்துக்குள் உள்ள தேன், மகரந்த ஆதாரங்கள் பெருமளவு அங்ககப் பயிராகவோ, இயல்பாக வளரும் தாவரமாகவோ இருக்க வேண்டும். 3 கிலோமீட்டர் ஆரம் என்றால் ஏறத்தாழ 28 சதுர கிலோமீட்டர். அதாவது சுமார் 7,000 ஏக்கர். மொட்டை மாடியில் இரண்டு பெட்டி வைத்திருப்பவர் 7,000 ஏக்கரில் நடப்பதற்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆகவே தொடக்கத்திலேயே தெளிவாக இருப்போம்: பெங்களூர் நகருக்குள் அங்கக முறைப்படி தேனீ வளர்க்கலாம், ஆனால் அந்தத் தேனுக்கு அங்ககச் சான்றிதழ் பெறுவது ஏறத்தாழ நடக்காத காரியம். பெட்டிக்குள் நடப்பது முழுவதும் நம் கையில் இருக்கிறது, வெளியே நடப்பதில் ஒரு பகுதிதான் நம் கையில் இருக்கிறது. இந்த வேறுபாட்டை மறைக்காமல் சொல்வதும் அங்கக முறையின் ஒரு பகுதி என்றே நான் கருதுகிறேன்.

படி 1: சுற்றுப்புறத்தை நடந்து பாருங்கள்

பெட்டி வாங்குவதற்கு முன் கைபேசியில் உங்கள் ஊர் வரைபடத்தை எடுத்து, வீட்டை மையமாக வைத்து 1 கிலோமீட்டரில் ஒரு வட்டமும் 3 கிலோமீட்டரில் ஒரு வட்டமும் வரைந்துகொள்ளுங்கள். நம் இந்தியத் தேனீ பெரும்பாலும் முதல் வட்டத்துக்குள்ளும் அதைச் சற்றே தாண்டியும் இரை தேடும். இத்தாலியத் தேனீ இரண்டாவது வட்டம் வரையிலும் அதற்கு அப்பாலும் போகும். முதல் வட்டத்துக்குள் உள்ள பூங்கா, ஏரிக்கரை, கல்லூரி வளாகம், இராணுவ நிலம், நாற்றுப் பண்ணை, கீரைத் தோட்டம் ஆகியவற்றை நடந்தே பார்ப்பது நல்லது. நாற்றுப் பண்ணையிலும் கழிவுநீர் பாயும் கீரைத் தோட்டத்திலும் மருந்து தெளிக்கும் நாள், நேரம் ஆகியவற்றை வேலை செய்பவர்களிடமே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

நகரமாக இருந்தாலும் பெங்களூர் தேனீக்குப் பஞ்சமான ஊர் அல்ல. ஜனவரி முதல் தபேபுயா பூக்கும். மார்ச், ஏப்ரலில் புங்கை, நாவல், வேம்பு, சில்வர் ஓக் ஆகியவை வரிசையாக வரும். அதன் பின் புளி, பெருங்கொன்றை, தூங்குமூஞ்சி மரம். தென்னையும் முருங்கையும் ஆண்டு முழுவதும் ஏதோ ஒரு மூலையில் பூத்துக்கொண்டிருக்கும். கன்னடக்காரர்கள் ஹொங்கே என்று அழைக்கும் சாலையோரப் புங்கை மரத்தடியில் ஏப்ரல் காலையில் நின்றால், உதிர்ந்த பூக்கள் காலடியில் பொரி போலக் கிடக்க, தலைக்கு மேல் ஒரே சீரான ரீங்காரம் கேட்கும். அந்த ஒலி கேட்கும் இடத்திலிருந்து 500 மீட்டருக்குள் பெட்டி வைக்க முடிந்தால் பாதி வேலை முடிந்தது. மாடித் தொட்டிகளில் துளசி, கொடி ரோஜா எனப்படும் ஆன்டிகோனான், சூரியகாந்தி ஆகியவற்றை வைக்கலாம். ஆனால் பத்துத் தொட்டி ஒரு கூட்டத்துக்குச் சோறு போடாது, மரங்கள்தான் போடும்.

ஒரு மரத்தை மட்டும் எச்சரிக்கையோடு குறிப்பிட வேண்டும். சிவந்த பெரிய பூக்களைக் கொண்ட ஆப்பிரிக்க டியூலிப் மரம் இங்கே பல தெருக்களில் உண்டு. அதன் பூக்கிண்ணத்துக்குள் கொசுத்தேனீ போன்ற சிறு தேனீக்கள் செத்துக் கிடப்பதைக் காணலாம். கொசுத்தேனீ வளர்க்க நினைப்பவர்கள் அந்த மரத்தின் அருகில் பெட்டி வைக்க வேண்டாம்.

நகருக்கு வெளியே நிலம் உள்ளவர்கள் பசுமையைக் கண்டு ஏமாறக் கூடாது. தளி, ஓசூர்ப் பக்கத்து ரோஜாப் பண்ணைகளிலும், தொட்டபள்ளாபுரம், சிக்கபள்ளாபுரம் பக்கத்துத் திராட்சைத் தோட்டங்களிலும் மருந்து அடிக்கும் அளவு மிக அதிகம். காடு ஒட்டிய கேழ்வரகுக் கொல்லையும் புளியந்தோப்பும் பார்வைக்கு வறண்டிருந்தாலும், அங்ககத் தேனுக்கு அவையே மேலான இடம்.

படி 2: எந்தத் தேனீ

பெட்டியில் வளர்க்கத் தக்கவை மூன்று: இந்தியத் தேனீ, இத்தாலியத் தேனீ, கொசுத்தேனீ. மலைத்தேனீயும் கொம்புத்தேனீயும் பெட்டிக்குள் தங்குவதில்லை. பெங்களூரில் கூட்டம் வாங்கப் போகிறவர்களுக்கு உள்ளூர்ப் பெயர்களும் தெரிந்திருக்க வேண்டும். நாம் அடுக்குத் தேனீ அல்லது இந்தியத் தேனீ என்பதைக் கன்னடத்தில் துடுவெ ஜேனு என்பார்கள். மலைத்தேனீ ஹெஜ்ஜேனு, கொம்புத்தேனீ கோலு ஜேனு.

என் பரிந்துரை இந்தியத் தேனீயே. ஒரு பெட்டியில் கிடைக்கும் தேன் இத்தாலியத் தேனீயை விடக் குறைவு. பிடிக்காவிட்டால் பெட்டியைக் காலி செய்துகொண்டு ஓடிவிடும் குணமும் உண்டு. ஆனால் தேனீயின் உடலில் ஒட்டிக்கொண்டு அதை உண்டு வாழும் வரோவா உண்ணியோடு நெடுங்காலம் சேர்ந்தே வாழ்ந்த இனம் அது. உண்ணியைத் தாமே ஒன்றன் மேலிருந்து ஒன்று பிடுங்கிப் போடும். ஆகவே மருந்தில்லாமல் வளர்ப்பது இதில்தான் இயல்பாகக் கைகூடும். வட இந்தியாவில் 1960களில் வேரூன்றிய இத்தாலியத் தேனீக்கு உண்ணி மருந்தும், இடம் மாற்றிக் கொண்டுபோவதும், பஞ்ச காலத்தில் மிகுதியான சர்க்கரையும் தேவைப்படுகின்றன. அங்கக விதிகளோடு அதைப் பொருத்துவது தொடக்கக்காரருக்குக் கடினம். கொசுத்தேனீ கொட்டாது என்பதால் சிறு குழந்தைகள் உள்ள வீட்டுக்கு ஏற்றது. ஆனால் ஆண்டில் கிடைப்பது சில நூறு கிராம் தேனே.

படி 3: பெட்டியும் அதை வைக்கும் விதமும்

இந்தியத் தேனீக்கு 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருச்சியில் நியூட்டன் என்ற பாதிரியார் வடிவமைத்த பெட்டி இன்றும் தமிழ்நாட்டில் பரவலாகப் பயன்படுகிறது. அடிப்பலகை, புழு அறை, அதன்மேல் தேன் அறை, மூடி என்ற எளிய அமைப்பு அது. பெட்டி எதுவாயினும், அடை தொங்கும் மரச் சட்டங்களுக்கு இடையில் தேனீ நடந்துபோக 8 மில்லிமீட்டர் அளவில் இடைவெளி இருக்க வேண்டும். அதைவிடக் கூடினால் அங்கே குறுக்கே அடை கட்டிவிடும், குறைந்தால் தேனீயால் நுழைய முடியாது.

மரம் தேக்கு, பலா, சில்வர் ஓக் எதுவாகவும் இருக்கலாம். நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், கரையான் மருந்து தடவியதாக இருக்கக் கூடாது. தச்சரிடம் சொல்லும்போதே பழைய கதவு, சன்னல் மரத்தைப் பயன்படுத்த வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், ஏனெனில் அதில் என்ன பெயிண்ட், என்ன பாலிஷ் ஏறியிருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. பசை கொண்டு ஒட்டிய பிளைவுட்டும் வேண்டாம். உட்புறத்தில் எதையும் பூசக் கூடாது. வெளிப்புறத்தில் ஆளிவிதை எண்ணெயில் சிறிது தேன்மெழுகை உருக்கிக் கலந்து இருமுறை பூசினால் பெங்களூர் மழையை ஓரிரு ஆண்டு தாங்கும்.

காலை வெயில் படும்படியாகவும், நண்பகலில் நிழல் விழும்படியாகவும், வாசல் கிழக்கு அல்லது தென்கிழக்கு நோக்கியபடியும், இரண்டடிக்குக் குறையாத உயரத்தில் தாங்கியின் மேல் பெட்டியை வையுங்கள். தாங்கியின் நான்கு கால்களையும் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் எறும்பு ஒரே இரவில் கூட்டத்தை விரட்டிவிடும். சிலர் அந்தக் கிண்ணத்தில் பழைய இன்ஜின் ஆயிலை ஊற்றுகிறார்கள். அங்கக முறையில் அதற்கு இடமில்லை. தண்ணீரே போதும், கொசு முட்டையிடாதிருக்க வாரம் இருமுறை மாற்றி, மேலே சில சொட்டுத் தேங்காய் எண்ணெய் விடுங்கள். சற்றுத் தள்ளி, கூழாங்கல் போட்ட அகன்ற மண் தட்டில் தேனீக்குக் குடிநீர் வைக்க வேண்டும். அது ஒருநாள் வற்றினாலும் அவை பக்கத்து வீட்டுக் குழாயடிக்குப் பழகிவிடும், பிறகு மனக்கசப்பு வரும். மாடியில் இரவு விளக்கு வாசலின் மேல் நேராக விழக் கூடாது.

அடுக்குமாடியில் இருப்பவர்கள் சங்கத்திடம் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். தேனீ கொட்டினால் கடுமையான ஒவ்வாமை வருபவர் யாரேனும் அந்தக் கட்டடத்தில் உண்டா என்று விசாரித்த பிறகே பெட்டி வர வேண்டும். கொட்டு வாங்கியவருக்கு மூச்சுத் திணறலோ, முகம், தொண்டை வீக்கமோ, மயக்கமோ வந்தால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் உடனே 108ஐ அழைக்க வேண்டும்.

படி 4: கூட்டம் பெறுவது

பெங்களூர் வட்டாரத்தில் அக்டோபரில் கூட்டம் பெருகத் தொடங்கும். பிப்ரவரி முதல் மே வரை முதன்மையான தேன் காலம். தென்மேற்குப் பருவ மழை பெய்யும் ஜூன் முதல் ஆகஸ்ட், செப்டம்பர் வரை பஞ்ச காலம். ஆகவே அக்டோபர் இறுதி முதல் ஜனவரி வரை கூட்டம் வாங்குவது நல்லது. மே மாதத்தில் ஆசையோடு வாங்கி, ஜூலையில் வெறும் பெட்டியோடு நிற்பவர்களை ஒவ்வொரு ஆண்டும் பார்க்கிறேன்.

காட்டிலிருந்தும் மரப்பொந்திலிருந்தும் கூட்டைப் பிரித்து எடுத்து வந்து விற்பவர்களிடம் வாங்க வேண்டாம். அப்படிப் பிரித்ததில் பாதிப் புழுக்கள் செத்துவிடுகின்றன, வந்த கூட்டமும் நிலைப்பதில்லை. உங்கள் வட்டாரத்திலேயே பல ஆண்டுகளாக மருந்தின்றி வளர்ப்பவர் பிரித்துக் கொடுக்கும் கூட்டமே சிறந்தது. ஹெப்பாளத்தை அடுத்துள்ள வேளாண் பல்கலைக்கழகத்தின் ஜிகேவிகே வளாகத்தில் தேனீ வளர்ப்புக்குத் தனித் துறை உண்டு. அங்கே பயிற்சி பெற்று, பெட்டியைத் திறந்து பழகிய பிறகு கூட்டம் வாங்குவது புத்திசாலித்தனம். வாங்கும்போது சட்டங்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பாருங்கள். முட்டையும் புழுவும் மூடிய அறைகளும் இடைவெளியில்லாமல் ஒன்றையொன்று தொடர்ந்து இருக்க வேண்டும். அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பொத்தல் விழுந்தாற்போல இருந்தால் அந்தக் கூட்டம் வேண்டாம்.

படி 5: மெழுகு

பலரும் கவனிக்காமல் விடுவது இதைத்தான். தேன் ஆண்டுதோறும் எடுக்கப்பட்டுவிடும், மெழுகோ பெட்டிக்குள்ளேயே தங்கும். உண்ணிக்கு வைக்கும் ஃப்ளூவாலினேட் போன்ற மருந்துகள் கொழுப்பில் கரையும் தன்மை உடையவை. அவை மெழுகில் போய்ச் சேர்கின்றன, மெழுகை உருக்கினாலும் போவதில்லை. யாரோ ஒருவர் ஏதோ ஒரு மாநிலத்தில் ஐந்தாண்டுகளுக்கு முன் வைத்த மருந்து, உருக்கி வார்த்த மெழுகுத் தகடாக உங்கள் புதுப் பெட்டிக்குள் நுழைய முடியும். கடையில் விற்கும் சில மெழுகுத் தகடுகளில் பாரஃபினும் கலந்திருக்கும்.

எனக்கு இது பட்டுத் தெரிந்தது. தொடங்கிய ஆண்டில் வாங்கிய தகடுகள் பார்க்க நல்ல மஞ்சளாக இருந்தன. மாடியில் ஏப்ரல் வெயில் ஏறியதும் நடுவில் தொய்ந்து மடங்கிவிட்டன. நல்ல தேன்மெழுகு 62 டிகிரிக்கு மேல்தான் உருகும், உள்ளங்கையில் வைத்துப் பிசைந்தால் தேன் மணம் வரும். அந்தத் தகட்டில் மெழுகுவத்தி வாடைதான் வந்தது. அன்றிலிருந்து முழுத் தகடு வாங்குவதையே விட்டுவிட்டேன்.

மாற்று வழி எளியது. சட்டத்தின் மேல் கட்டையின் அடியில் கத்தி நுழையும் அளவுக்கு ஒரு பள்ளம் செதுக்கி, சொந்தப் பெட்டியிலிருந்து எடுத்த வெள்ளை மெழுகை உருக்கி ஒரு விரல் அகலத்துக்குக் கோடாக விட்டால் போதும். தேனீ அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு கீழ்நோக்கித் தானே அடை கட்டும். பெட்டி ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் அடை சட்டத்தை விட்டு விலகிவிடும் என்பதால், தாங்கியை மட்டம் வைத்துப் பார்த்து நிறுத்துங்கள். முதல் ஆண்டு தேன் குறையும், ஏனெனில் மெழுகு உண்டாக்கத் தேனீ பல மடங்கு தேனைச் செலவிடுகிறது. அந்த இழப்பை மனமார ஏற்றுக்கொள்ளுங்கள்.

பழைய முறையிலிருந்து மாறுகிறவர்கள், மாறுகாலமான அந்த ஓராண்டில் ஒவ்வொரு முறையும் ஓரச் சட்டங்களில் இரண்டை எடுத்துவிட்டு, மெழுகுக் கோடு போட்ட புதுச் சட்டங்களை நடுப்பகுதிக்கு அடுத்து வைத்தபடி முழுப் பெட்டியையும் புதுப்பித்துவிடலாம். கூட்டம் பெருகும் காலத்தில் மட்டுமே இதைச் செய்ய வேண்டும். எடுத்த பழைய மெழுகை மீண்டும் பெட்டிக்குப் பயன்படுத்தக் கூடாது. அதன் பிறகும், கறுத்துத் தடித்த அடையை இரண்டு ஆண்டுக்கு மேல் வைத்திருக்க வேண்டாம்.

படி 6: பெட்டியைத் திறப்பது

வளர்ச்சிக் காலத்தில் வாரம் ஒருமுறையும், மற்ற காலங்களில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறையும் திறந்தால் போதும். வெயில் ஏறிய, காற்றில்லாத காலை 9 முதல் 11 மணி வரை ஏற்ற நேரம். புகைப்பானில் காய்ந்த தென்னை நாரையோ வரட்டியையோ மட்டும் எரியுங்கள். சாக்கு, அட்டைப்பெட்டி, எண்ணெய் பட்ட துணி எதுவும் வேண்டாம். அந்தப் புகை மெழுகிலும் தேனிலும் படியும்.

மூடியை எடுத்ததும் ஓரச் சட்டத்தை முதலில் வெளியே எடுத்து, கிடைத்த இடைவெளியில் மற்றவற்றை ஒவ்வொன்றாக நகர்த்திப் பாருங்கள். சூரியனை முதுகுப் பக்கம் வைத்துச் சட்டத்தைச் சற்றுச் சாய்த்தால், அறையின் அடியில் அரிசிக் குருணையை விடச் சிறிய வெள்ளை முட்டை நிற்பது தெரியும். முட்டை தெரிந்தால் மூன்று நாளைக்குள் ராணி அங்கே இருந்திருக்கிறாள் என்று பொருள். அவளைத் தேடி அலைய வேண்டியதில்லை. ஆண் தேனீ அறைகளின் மூடி குமிழ் போல உப்பியிருக்கும். இந்தியத் தேனீயில் அந்தக் குமிழின் உச்சியில் ஊசி குத்தினாற்போல ஒரு சிறு துளை இருக்கும். அதை நோய் என்று பயந்து அடையை வெட்டியவர்கள் உண்டு. அது இந்த இனத்தின் இயல்பு.

சட்டத்தின் அடியோரத்தில் நிலக்கடலை வடிவில் தொங்கும் ராணி அறைகள் தென்பட்டால் கூட்டம் பிரியப் போகிறது. அந்த அறைகளை நசுக்குவதைவிட, அந்தச் சட்டத்தோடு பாதித் தேனீக்களை வேறு பெட்டிக்கு மாற்றிப் பிரித்துவிடுவதே மேல்.

படி 7: உணவு

ஜூன் முதல் செப்டம்பர் வரை உயிர் பிழைக்கத் தேவையான தேனைப் பெட்டியிலேயே விட்டுவைப்பதே முதல் விதி. புழு அறைச் சட்டங்களின் மேல் விளிம்பில் உள்ள தேன் எக்காலத்திலும் நம்முடையதல்ல. தொடர்மழையில் அதுவும் தீர்ந்து, பட்டினி நேரும் நிலை வந்தால் மட்டும், சான்றளிக்கப்பட்ட அங்ககச் சர்க்கரையைச் சம அளவு தண்ணீரில் கரைத்து மாலையில் பெட்டிக்குள் வைக்கலாம். எத்தனை நாள், எத்தனை கிராம் என்று குறிப்பேட்டில் எழுதுங்கள். தேன் அறையை ஏற்றுவதற்குப் பல வாரங்களுக்கு முன்பே இதை நிறுத்திவிட வேண்டும், இல்லாவிட்டால் அந்தப் பாகே தேனாக உங்கள் சீசாவுக்கு வரும்.

வெல்லம், கருப்பட்டி இயற்கையானவை என்பதால் அவற்றைக் கரைத்து வைப்பவர்கள் இருக்கிறார்கள். நமக்கு நல்லதெல்லாம் தேனீக்கு நல்லதல்ல. அவற்றில் உள்ள தாதுப் பொருள்களைத் தேனீயின் குடல் தாங்காது, வயிற்றுப்போக்கு வரும். கடையில் வாங்கிய தேனையும் கொடுக்க வேண்டாம். எந்தப் பெட்டியின் நோய் அதில் வருகிறது என்று சொல்ல முடியாது.

படி 8: நோயும் எதிரிகளும்

பெங்களூரில் மெழுகு அந்துப்பூச்சியே முதல் எதிரி. மழைக்காலத்தில் கூட்டம் சுருங்கி, தேனீ மூடாத அடை மிஞ்சும்போது அது நுழைகிறது. நூலாம்படை போன்ற வலையும் கறுத்த எச்சமும் அடையில் தெரிந்தால் ஏற்கெனவே தாமதமாகிவிட்டது. தேனீ உட்காராத சட்டங்களை ஜூன் தொடக்கத்திலேயே எடுத்து, பெட்டியின் இடத்தைச் சுருக்குவதும், அடிப்பலகையைப் பத்து நாளுக்கு ஒருமுறை சுரண்டித் துடைப்பதும், விரிசல்களை மெழுகால் அடைப்பதும் இதற்குப் போதுமான தடுப்பு. எடுத்த நல்ல அடைகளை இரண்டு நாள் உறைபெட்டியில் வைத்தால் முட்டையும் புழுவும் செத்துவிடும். பிறகு காற்றுப் புகாமல் கட்டி வையுங்கள். துணிக்கு வைப்பது போல அடைக்கும் அந்துருண்டை போடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. அதன் வாடை மெழுகில் ஏறி அடுத்த ஆண்டுத் தேனில் இறங்கும். அங்கக விதிப்படி அந்த அடைகள் அத்தனையும் கழிக்கப்பட வேண்டியவை.

அடுத்தது தாய் சாக்புரூட் என்ற நச்சுயிரி நோய். 1991, 1992ஆம் ஆண்டுகளில் இது கேரளம், தமிழ்நாடு, கர்நாடகத்தில் இந்தியத் தேனீக் கூட்டங்களில் மிகப் பெரும்பாலானவற்றை அழித்தது. மார்த்தாண்டம் பக்கத்துப் பெரியவர்கள் அந்த ஆண்டுகளைப் பற்றி இன்றும் வருத்தத்தோடு பேசுவார்கள். நோய் கண்ட புழு, அறைக்குள் தலையைத் தோணி முனை போலத் தூக்கியபடி செத்திருக்கும். ஊசியால் மெல்லத் தூக்கினால் நீர் நிரம்பிய பை போல வரும். இதற்கு மருந்து கிடையாது. எதிர்உயிரி மருந்து நச்சுயிரியை ஒன்றும் செய்யாது, தேனைத்தான் கெடுக்கும். நோய் கண்ட பெட்டியைத் தனியே விலக்கி, அதிலிருந்து எந்தச் சட்டத்தையும் மற்றப் பெட்டிக்கு மாற்றாமல், நோயுற்ற அடைகளை எரித்து, ராணியைச் சில வாரம் கூண்டில் அடைத்து முட்டையிடலை நிறுத்தினால், நோயின் சங்கிலி அறுந்து சில கூட்டங்கள் மீளும். மீண்ட கூட்டத்திலிருந்தே அடுத்த ஆண்டு ராணிகளை வளர்த்தெடுங்கள். உளி, கத்தி, கையுறை ஆகியவற்றைப் பெட்டிக்குப் பெட்டி நெருப்பில் காட்டியோ, சலவை சோடா கரைத்த வெந்நீரில் கழுவியோ பயன்படுத்த வேண்டும்.

இத்தாலியத் தேனீ வளர்ப்பவர்களுக்கு வரோவா உண்ணி தீராத வேலை. ஆண் தேனீ அடையை வெட்டி அகற்றுவதை விதி இந்த ஒரு காரணத்துக்காக மட்டுமே அனுமதிக்கிறது. அதன் பிறகும் தேவைப்பட்டால் ஃபார்மிக் அமிலம், ஆக்ஸாலிக் அமிலம், தைமால் ஆகியவற்றுக்கு இடமுண்டு. ஆனால் இவை தோலையும் கண்ணையும் நுரையீரலையும் பொசுக்கும் பொருள்கள், வெயில் காலத்தில் ஃபார்மிக் அமிலம் கூட்டத்தையே கொன்றுவிடும். பயிற்சி பெற்றவரின் நேரடி வழிகாட்டுதல் இல்லாமல் தொட வேண்டாம்.

படி 9: அக்கம் பக்கத்து மருந்து

ஒரு மார்ச் மாதம், காலை பத்து மணிக்கு, எங்கள் தெருவில் உள்ள ஒரு குடியிருப்பு வளாகத்தில் பூத்திருந்த வேலிச் செடிகளுக்கு மருந்து அடித்தார்கள். மாலை வீடு திரும்பியபோது பெட்டி வாசலில் இரண்டு கைப்பிடி அளவு தேனீக்கள் கிடந்தன. சில இன்னும் சுழன்றுகொண்டிருந்தன. செத்தவற்றின் நாக்கு முழுநீளத்துக்கு வெளியே நீண்டிருந்தது. நஞ்சு பட்டுச் சாவதன் அடையாளம் அது. மறுநாள் அந்தத் தேனீக்களைத் தட்டில் எடுத்துக்கொண்டு போய் வளாகத்தின் தோட்டக்காரரிடம் காட்டினேன். அவர் திருவண்ணாமலைப் பக்கத்துக்காரர். "இப்படி ஆகும்னு தெரியாதுங்கண்ணா, சாயங்காலமா அடிக்கச் சொல்லியிருந்தா அடிச்சிருப்பேனே" என்றார். அன்றிலிருந்து அடிக்கும் முன் எனக்கு அழைப்பு வருகிறது, பூத்த செடியைத் தொடுவதில்லை.

ஆகவே பெட்டி வைத்த முதல் வாரமே, முதல் வட்டத்துக்குள் மருந்து அடிக்கும் ஒவ்வொருவரையும் நேரில் பாருங்கள். இமிடாகுளோபிரிட், தயாமீதாக்ஸாம் ஆகிய பெயர்கள் டப்பாவில் இருந்தால், பூக்கும் செடிக்கு வேண்டாம் என்று காரணத்தோடு சொல்லுங்கள். வேப்பெண்ணெய்க் கரைசலைக்கூடத் தேனீ பறக்காத மாலை நேரத்திலேயே அடிக்க வேண்டும். டெங்குப் பரவலின்போது நடக்கும் புகை மருந்து அடிப்புக்கு, தேனீக்கள் அடைந்த பிறகு வாசலைக் கம்பி வலையால் மூடி, பெட்டியின் மேல் ஈரச் சாக்கைப் போட்டு, புகை முற்றிலும் கலைந்ததும் திறந்துவிடுங்கள். கடுமையாக மருந்து பட்ட பெட்டியின் அந்தப் பருவத் தேனை விற்பனைக்கு எடுக்க வேண்டாம். நாங்கள் அவ்வாண்டு எடுக்கவில்லை.

படி 10: தேன் எடுப்பது

தேன் அறைச் சட்டத்தில் முக்கால் பங்குக்கு மேல் அறைகள் வெள்ளை மெழுகால் மூடப்பட்டிருந்தால் மட்டுமே எடுக்கலாம். மூடாத தேனில் நீர் அதிகம், சில வாரங்களில் நுரைத்துப் புளிக்கும். உணவுத் தர விதிப்படி தேனில் ஈரப்பதம் 20 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. கையடக்க ரிஃப்ராக்டோமீட்டர் ஒன்று இருந்தால் ஒரு சொட்டில் பார்த்துவிடலாம். மழை பெய்யும் நாளில் தேன் எடுக்காதீர்கள், பிழிந்த தேன் காற்றின் ஈரத்தையும் உறிஞ்சிக்கொள்ளும்.

தேனீக்களை விரட்ட எந்த வாடைப் பொருளும் பயன்படுத்தக் கூடாது. சட்டத்தை ஒருமுறை உதறி, மிஞ்சியவற்றை மென்மையான தூரிகையால் ஒதுக்கினால் போதும். புழு இருக்கும் சட்டத்தைப் பிழிவது விதிப்படியும் தவறு, மனச்சாட்சிப்படியும் தவறு. சுழற்றிப் பிழியும் கருவி உணவுத் தர எஃகால் ஆனதாக இருக்க வேண்டும். துத்தநாகம் பூசிய தகரத்தைத் தேனின் புளிப்பு அரிக்கும். பிழிந்த தேனை மெல்லிய துணியில் வடிகட்டி, இரண்டு நாள் மூடிய பாத்திரத்தில் வைத்தால் மெழுகுத் துகளும் நுரையும் மேலே வந்துவிடும். சூடாக்க வேண்டாம். தேன் உறைந்து மணல் மணலாக ஆனால் அது கெட்டுவிட்டதாகப் பொருளல்ல என்பதை வாங்குபவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பிழிந்த காலிச் சட்டங்களை மாலையிலேயே அதே பெட்டிக்குத் திருப்பிக் கொடுங்கள். திறந்த வெளியில் வைத்தால் கூட்டங்களுக்கிடையே கொள்ளையும் சண்டையும் மூளும்.

படி 11: குறிப்பேடு, சான்றிதழ், சீசாவின் மேல் எழுதுவது

நகருக்கு வெளியே, தகுந்த சுற்றுப்புறத்தில் பெட்டி வைத்திருப்பவர்கள் தேசிய அங்கக உற்பத்தித் திட்டத்தின்கீழ் அங்கீகாரம் பெற்ற சான்றளிப்பு நிறுவனத்தை அணுகலாம். பரிசோதிக்க வருபவர் முதலில் கேட்பது பெட்டிகள் நிற்கும் இடங்களின் வரைபடத்தையும் குறிப்பேட்டையும்தான். பெட்டிக்கு ஓர் எண் கொடுத்து, திறந்த நாள், கண்டது, மாற்றிய சட்டம், கொடுத்த உணவு, எடுத்த தேன், பெட்டியை இடம் மாற்றினால் எங்கிருந்து எங்கே என்பதை அன்றன்றே எழுதுங்கள். பிறகு நினைவிலிருந்து நிரப்பிய குறிப்பேடு பார்த்த உடனே தெரிந்துவிடும். மத்திய அரசின் மதுகிராந்தி இணையதளத்திலும் பெட்டிகளைப் பதிவு செய்துகொள்ளலாம்.

உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2017ஆம் ஆண்டு அங்கக உணவு விதிமுறைகள், சிறு உற்பத்தியாளர் தாமே நேரடியாக நுகர்வோருக்கு விற்கும்போது சான்றிதழிலிருந்து விலக்கு அளிக்கின்றன. ஆனால் ஜைவிக் பாரத் போன்ற அங்கக முத்திரைகளை அவர்கள் பயன்படுத்தக் கூடாது. நகருக்குள் வளர்க்கும் நாம் அந்த விலக்கைக் காட்டி அங்ககத் தேன் என்று ஒட்டுவது சரியல்ல, ஏனெனில் சுற்றுப்புறம் பற்றிய விதியை நாம் நிறைவேற்றவில்லை. எங்கள் சீசாவில் பெட்டி நின்ற தெருவின் பெயர், பிழிந்த மாதம், பெட்டி எண், ஈரப்பதம் ஆகியவற்றோடு, "பெட்டிக்குள் மருந்து வைக்கவில்லை, இந்தப் பருவத்தில் சர்க்கரை கொடுக்கவில்லை, தேனீக்கள் நகரத்து மரங்களில் இரை தேடியவை" என்று எழுதுகிறோம். அதன் கீழே, ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கொடுக்கக் கூடாது என்றும் எழுதுகிறோம். பிறந்த குழந்தைக்குச் சேனை வைக்கத் தேன் கேட்டு வருபவர்கள் இங்கேயும் உண்டு; தேனில் இருக்கக்கூடிய நுண்ணுயிர் வித்துகளைப் பெரியவர்களின் குடல் தாங்கும், கைக்குழந்தையின் குடல் தாங்காது என்பதைச் சொல்லி, அவர்களுக்கு அந்தச் சீசாவைக் கொடுக்காமல் திருப்பி அனுப்புகிறோம்.